தம்பிக்காக நின்று ஏறியவன்

பிள்ளைகளின் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கும்போது, அதனோடுகூட வேறு எதைப் பிடுங்குகிறோம் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதை உணர எனக்கு 17 ஆண்டுகள் சென்றன.

2006ஆம் ஆண்டில் நாங்கள் அந்தமானிலுள்ள லாங் ஐலண்டில் குடியிருந்தோம். ரங்கத்திலிருந்து படகேறி வரவேண்டிய சிறு தீவு அது. மூத்த மகனுக்கு அப்பொழுது ஒன்பது வயது, இளையவனுக்கு ஏழு. சென்னையிலிருந்து கப்பலில் வந்த உறவினர் ஒருவர், டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அதனுடன் வந்த கேசட்டில் ‘கான்ட்ரா’ என்னும் விளையாட்டு இருந்தது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987இல் வெளியிட்ட விளையாட்டு அது. துப்பாக்கி ஏந்திய இருவர் பகைவரைச் சுட்டுக்கொண்டே முன்னேறுவார்கள்.

என் காதில் துப்பாக்கிச் சத்தம் மாத்திரமே விழுந்தது. ஒரு மாலையில் பெட்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். பின்பு யாருக்கோ கொடுத்துவிட்டேன். அந்த ஞாயிறு ஆராதனையில், மோசேயின் தளர்ந்த கைகளை இருபுறமும் தாங்கி நின்ற ஆரோனையும் ஊரையும் குறித்துப் பிரசங்கித்தேன். என் பிள்ளைகள் இருவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்டுகள் கடந்தன. நாங்கள் சென்னைக்குக் குடிபெயர்ந்தோம். இளையவன் வேலையினிமித்தம் தீவுக்கே திரும்பிப் போனான். அங்கிருந்த எங்கள் வீட்டை விற்பதைக் குறித்துச் சகோதரர் இருவருக்குள்ளும் மனக்கசப்பு உண்டாயிற்று. தொலைபேசியில் பேசுவது நின்றுபோயிற்று. பண்டிகை வாழ்த்தும் இல்லை. நானும் என் மனைவியும் கண்ணீரோடு ஜெபித்தோம்; புத்தி சொன்னோம். இருவரும் இளகவில்லை.

2023இல் ஓர் இரவு, மூத்தவனின் அறையிலிருந்து குரல் கேட்டது. “அவசரப்படாதே தம்பி, நான் இங்கேயே நிற்கிறேன், நீ வா.” கதவருகே திகைத்து நின்றேன். டிவியில் ‘ஹேலோ’ என்னும் துப்பாக்கி விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் ஹெட்போன். மறுமுனையில் இருந்தவன் லாங் ஐலண்டிலுள்ள அவன் தம்பியே! சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. லாங் ஐலண்டும் அதில் இணைந்துள்ளது. அதன் வழியே என் பிள்ளைகள் மறுபடியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“யார் முதலில் அழைத்தது?” என்று பின்பு கேட்டேன்.

“தம்பிதான் அப்பா. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆட்டத்திற்கு அழைப்பு மட்டும் அனுப்பினான்.”

“சுடுவதில் அப்படி என்ன இன்பம்?”

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு சொன்னான்: “கான்ட்ராவின் மூன்றாம் கட்டம் ஓர் அருவி, அப்பா. இருவரும் பாறைக்குப் பாறை தாவி ஏறவேண்டும். ஒருவன் முந்தினால் திரை அவனோடு மேலே நகரும். கீழே பின்தங்கியவன் செத்துப்போவான். நான் முந்தி முந்தி ஓடித் தம்பியைச் சாகடிப்பேன், அவன் அழுவான். பிறகுதான் நின்று ஏறக் கற்றுக்கொண்டேன். அவனுடைய ‘லைஃப்’ தீர்ந்துவிட்டால், என்னிடம் மீந்திருப்பதில் ஒன்றை அவன் எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில்தான் நீங்கள் பெட்டியை எடுத்துவிட்டீர்கள்.”

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, சேர்ந்து ஆடுவதன் கவர்ச்சி தோட்டாவில் இல்லை. 2006இல் வந்த ‘கியர்ஸ் ஆஃப் வார்’ விளையாட்டில், குண்டடிபட்டு விழுந்த தோழனை அருகே சென்று தூக்கிவிடலாம். தனக்காக ஒருவன் நிற்பான், விழுந்தால் திரும்பி வருவான் என்னும் நிச்சயமே பிள்ளைகளை அங்கே இழுக்கிறது. அந்த நிச்சயம் நம் வீடுகளில் அவர்களுக்குக் கிடைக்கிறதா?

எல்லா விளையாட்டும் எல்லா வயதினருக்கும் ஏற்றதென்று நான் சொல்லவில்லை. 2001இல் வந்த முதல் ‘ஹேலோ’ அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்றே வகைப்படுத்தப்பட்டது. அட்டையிலுள்ள வயதுக் குறிப்பைப் பாருங்கள். யாரோடு ஆடுகிறான், எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்று விசாரியுங்கள். ஆனால் பிடுங்குவதற்கு முன் அருகே உட்காருங்கள்.

அருகே உட்காருவதுதான் இன்று அரிதாகி வருகிறது. அந்த முதல் ‘ஹேலோ’வில் ஒரே திரையை இரண்டாகப் பிரித்து, தோளோடு தோள் உரசி இருவர் ஆடலாம். 2015இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அந்த வசதி இல்லை. 2021இல் வெளியான ‘ஹேலோ இன்ஃபினிட்’டின் கதைப் பகுதிக்கும் அதைத் தரப்போவதில்லை என்று 2022இல் அறிவித்துவிட்டார்கள். தூரத்தில் இருப்பவரோடு ஆட வழி திறந்தது; ஒரே அறையில் இருப்பவரோடு ஆடும் வழி அடைபட்டது. நகரத்துக்கு வந்த நம் வாழ்க்கையும் இப்படித்தான் ஆயிற்றோ?

வீட்டு விவகாரம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை இரவுகளில் என் பிள்ளைகள் ஒருவருக்காக ஒருவர் நிற்கிறார்கள். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மூத்தவன் அருகே உட்காருகிறேன். ஆட எனக்குத் தெரியாது. கடலுக்கு அப்பாலிருந்து, “அப்பா இருக்கிறாரா?” என்று இளையவன் கேட்கும்போது, “இருக்கிறேன்” என்று சொல்வதற்காகவே உட்காருகிறேன்.