மொட்டை மாடியில் எட்டு

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது தமிழ்நாட்டில் நடந்த ஓட்டப்பந்தயங்களில் சிறந்தது எது என்று கேட்டால் நான் திருப்பூரைத்தான் சொல்வேன். திறந்தவெளியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களின் தலைக்கு மேல் போலீசார் டிரோனைப் பறக்கவிட்டார்கள். திசைக்கொருவராகத் தெறித்து ஓடினார்கள் பையன்கள். ஓட நேரமில்லாத ஒருவர் கேரம் போர்டையே மறைப்பாக்கிக்கொண்டார். அந்தக் காணொளி எங்கள் வீட்டுக் கைப்பேசிகளுக்கு வராத நாளே இல்லை. வேறு ஊர்களில் காரணமில்லாமல் வண்டி எடுத்துச் சுற்றியவர்களை நடுச்சாலையில் தோப்புக்கரணம் போட வைத்தார்கள். அரசாங்கச் செலவில் உடற்பயிற்சி செய்தவர்கள் இந்த இரண்டு தரப்பும்தான். வீட்டுக்குள் ஒழுங்காக அடங்கிக் கிடந்த மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

எங்களுக்கு இருந்தது மொட்டை மாடி ஒன்று. நங்கநல்லூரில் மூன்று மாடிக் குடியிருப்பு, பன்னிரண்டு வீடுகள். அதுவரை அந்த மாடிக்குத் துணி உலர்த்தவும், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்க்கவும்தான் ஆள் ஏறும். ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25-க்குப் பிறகு அதற்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. காலை ஐந்தரைக்கு முதல் அணி, ஆறரைக்கு இரண்டாவது அணி, மாலையில் பிள்ளைகள் என்று குடியிருப்போர் சங்கம் நேரம் பிரித்துக் கொடுத்தது. இதில் ஒரு சிக்கல், அது வடாம் போடும் பருவம். வெயிலை வீணாக்க மனம் வராத மூன்றாவது மாடிப் பாட்டி, கிழக்கு ஓரத்தில் வேட்டியை விரித்துக் கூழ் வடாம் பிழிந்துவிடுவார். நடக்கிறவர்கள் வடாமைச் சுற்றி வளைந்து போக வேண்டும். இதையொட்டி நடந்த வாக்குவாதங்களில் பாட்டியே எப்போதும் ஜெயித்தார் என்பதைச் சந்தோஷத்துடன் பதிவு செய்கிறேன்.

என் கணவர் எட்டு போட்டார். சாக்பீஸால் தரையில் பெரிய எட்டு ஒன்றை வரைந்து, அதன் மேலேயே கால்மணி நேரம் ஒரு பக்கமாகவும் கால்மணி நேரம் எதிர்ப்பக்கமாகவும் நடப்பது. சர்க்கரை, மூட்டுவலி, மலச்சிக்கல் என்று அது தீர்க்காத நோயே இல்லை என வாட்ஸ்அப் சொன்னது. எனக்குத் தெரிந்து அதில் மாயம் எதுவும் இல்லை. சின்ன இடத்தில் ஒரே வட்டமாகச் சுற்றினால் தலை கிறுகிறுக்கும். எட்டில் அது இல்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் கைப்பேசியில் இருந்த செயலி ஒவ்வொரு நாளும் அவரைப் பாராட்டியது. பாராட்டு வாங்கியவர் கீழே இறங்கி வந்ததும் கேட்பது, "இன்னிக்கு சாயந்தரம் என்ன பண்ணப் போறே?"

சாயந்தரம் என்ன பண்ணுவது என்பதுதான் அந்த மாதங்களின் முக்கியமான கேள்வி. பஜ்ஜி, போண்டா, தட்டை, உப்பு சீடை. வாழ்க்கையில் மைதா பிசைந்தே அறியாதவர்கள் எல்லாம் பரோட்டா வீசக் கற்றுக்கொண்டார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு கிண்ணத்தில் காபித்தூளையும் சர்க்கரையையும் கொட்டிக் கை வலிக்க அடித்து நுரையாக்கி, டல்கோனா என்று நீட்டினான். மதியத்தில் சன் டிவியில் பழைய 'மெட்டி ஒலி' மறுபடி ஓடியது. தொடர் ஓடும்போது தட்டு காலியாக இருந்தால் கை எதையோ தேடும். நான் கணக்கு டீச்சர். ஒருநாள் கணவரிடம் கணக்குப் போட்டே காட்டினேன். அவர் எடைக்கு அரைமணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் நூற்றிச் சொச்சம் கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பது 120. ஆக, காலையில் போட்ட எட்டு முழுவதும் மாலையில் ஒரு கரண்டி எண்ணெய்க்குச் சரியாகப் போகிறது. பஜ்ஜியின் கடலை மாவுக்கும் வாழைக்காய்க்கும் தனியாக நடக்க வேண்டும். "கணக்கு டீச்சரைக் கட்டிக்கிட்டது தப்பாப் போச்சு" என்றார். பஜ்ஜியைக் கீழே வைக்கவில்லை.

நடைக்கும் எடைக்கும் நேர்க்கோட்டில் உறவு இருப்பதாக நினைப்பதில்தான் கோளாறு. 1950-களில் லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் அந்நகரத்து இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே வண்டி, ஒரே பாதை, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேல் தளத்துக்கு ஏறி இறங்கியபடியே இருக்கிறார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம் வந்தது. 1953-இல் 'லான்செட்' இதழில் வந்த இந்த ஆய்வைத் தொடர்ந்து, 1956-இல் அவர் இன்னொரு வேடிக்கையான வேலை செய்தார். ஊழியர்களின் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளைப் பார்த்தார். ஓட்டுநர்களின் அளவு பெரிது; இளம் வயதிலேயே பெரிது. அப்படியானால் வேலை இவர்களை இப்படி ஆக்கியதா, இப்படிப்பட்டவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்களா என்ற கேள்வியும் உடன் எழுந்தது. எப்படியிருந்தாலும், அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. டிக்கெட் கிழித்தார்கள். (நம் சென்னை மாநகரப் பேருந்தில் நடத்துநர் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, காசும் டிக்கெட்டும் பயணிகளின் கைகள் வழியாகப் பயணம் செய்கின்றன. மோரிஸ் இங்கே வந்திருந்தால் ஆய்வு பாதியில் நின்றிருக்கும்.)

ஊரடங்கு எங்களிடமிருந்து பிடுங்கியது இந்த டிக்கெட் கிழிக்கும் நடையைத்தான். பூங்காவில் நடப்பதை நிறுத்தியவர்கள் கொஞ்சம் பேர். ஊரில் பாதிப் பேர் பூங்காப் பக்கமே போகாதவர்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரு நாள் இருந்தது. என் நாளில் பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரை நடை, ரயிலில் நின்றபடி மாம்பலம், அங்கே மேம்பாலப் படிக்கட்டு, பள்ளியில் இரண்டு மாடிகள், வகுப்புக்கு வகுப்பு கரும்பலகை முன்னால் நிற்பது, கடைசி பெஞ்சு வரை போய்ப் பார்ப்பது எல்லாம் இருந்தன. இதை எந்தச் செயலியும் பாராட்டியதில்லை. நானும் இதை நடை என்று எண்ணியதில்லை. அலுப்பு என்றுதான் எண்ணியிருந்தேன். இணைய வகுப்பு வந்ததும் மொத்தமும் ஒரு நாற்காலிக்குள் சுருங்கிவிட்டது.

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் பொருந்தும். பதினாறு பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி ஊட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல் தீனி. ஆனால் சிலருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை; சிலருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், உடற்பயிற்சி அல்லாத அசைவுகளில். சும்மா எழுந்து போவது, நிற்பது, கையைக் காலை ஆட்டுவது, பொறுமையில்லாமல் குறுக்கும் நெடுக்கும் உலாத்துவது. ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது என்று சில பேரைத் திட்டுவோமே, அந்த ஜாதிக்குக் கொழுப்பு குறைவாகவே ஏறியது. நான் கைப்பேசியை நாற்காலிக்கு எதிரிலிருந்து எடுத்து அரிசி டிரம்மின் மேல் நிறுத்தி, நின்றுகொண்டே பாடம் நடத்த ஆரம்பித்தது இதைப் படித்த பிறகுதான். பிள்ளைகளுக்கு என் பின்னால் தெரிந்தது மிளகாய்த்தூள் டப்பாக்களின் வரிசை. அதைப் பற்றி ஒரு பெற்றோர் குறை சொன்னதாகத் தலைமையாசிரியை சொன்னார். சொல்லட்டும்.

வீட்டுக்குள்ளேயே எடை ஒரே மாதிரி ஏறவில்லை என்பதுதான் நான் கவனித்ததில் முக்கியமானது. வேலைக்கு வருபவர் வர முடியாமல் போனதும் பாத்திரம், துணி, பெருக்கல், துடைத்தல் எல்லாம் நாலு பேருக்கும் பொது என்று முதல் வாரம் தீர்மானம் போட்டோம். மகன் இரண்டு நாள் தரை துடைத்தான், அதைப் படம் எடுத்தும் போட்டான். மூன்றாம் நாளிலிருந்து அவனுக்கும் இணைய வகுப்பு. கணவர் பாத்திரம் தேய்ப்பதை உண்மையாகவே செய்தார், ஒரு வேளை மட்டும். மீதி எங்கே வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை. எடை பார்க்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தபோது, எட்டு போட்டவருக்கு ஏறியிருந்தது, எட்டே போடாத எனக்கு அப்படியே நின்றது. குனிந்து துடைப்பதும், வாளி தூக்குவதும், இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைக் கீழிருந்து மாடிக்குக் கொண்டுவருவதும் செய்த வேலை அது. பல வீடுகளில் கதை இப்படித்தான் இருந்ததென்று பள்ளித் தோழிகள் சொன்னார்கள். சில வீடுகளில் பெண்களுக்கும் ஏறியது. நாளெல்லாம் சமைத்து, ருசி பார்த்து, மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் அவர்களே தின்று தீர்த்த வீடுகள் அவை.

எங்கள் வீட்டில் எடை குறைந்தது ஒருவருக்குத்தான், என் மாமியாருக்கு. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். "அத்தை, நீங்கதான் நம்ம வீட்லேயே ஸ்லிம்" என்று பேரன் முதல் எல்லோரும் கொண்டாடினோம். அவரும் சிரித்துக்கொண்டார். ஆனால் மே மாதக் கடைசியில் அவர் தரையிலிருந்து எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடிப்பதைப் பார்த்தேன். அதுவரை அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்துவிடுவார். தினமும் சாயந்தரம் ஆஞ்சநேயர் கோவிலுக்கு நடந்து போவதும், பிராகாரம் சுற்றுவதும், வழியில் நாலு பேரிடம் நின்று பேசுவதும் அவர் பழக்கம். கோவில் மூடியதும் நடை நின்றது. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் வெளியே வரவே கூடாது என்றார்கள். மாடிக்குப் போகலாமென்றால் மூன்று மாடிப் படி. குறைந்தது கொழுப்பு அல்ல, தொடைச் சதை.

இளைஞர்களுக்கே இது நடக்கும். கோபன்ஹேகனில், நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான வாலிபர்களை ஆயிரத்தைந்நூறு அடிக்குள் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் கால் தசை குறைந்தது, இன்சுலின் வேலை செய்யும் திறன் மங்கியது, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தது. எடைக் கருவி இதில் எதையும் சொல்லாது. தசை போய்க் கொழுப்பு வந்தால் அதன் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் இந்தியர்களுக்கு எடையைவிட இடுப்பளவைப் பார் என்கிறார்கள் மருத்துவர்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கணவரை அளந்தேன். எண்ணை எழுதக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அத்தைக்குச் செய்தது மிகவும் சின்ன விஷயம். கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து நிற்பது, மறுபடி உட்காருவது. காலையில் பத்து முறை, சாயந்தரம் விளக்கேற்றும் நேரத்தில் பத்து முறை. "இது என்னடி தோப்புக்கரணம்?" என்றார் முதலில். பிறகு ஸ்லோகம் ஒன்றுக்கு ஒரு எழுச்சி என்று தானே ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டார். இரவில் சோற்றோடு ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ கட்டாயம் என்று வைத்தோம்; ரசம் சாதமும் அப்பளமும் மட்டும் தின்றால் சதை எதிலிருந்து வரும்? செப்டம்பர் 1-இல் கோவில்கள் திறந்தபோது வாசல் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பும்போது கையை விட்டுவிட்டார்.

உடற்பயிற்சிக்கூடங்கள் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 10-இல் திறந்தன. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதியில்லை. ஐம்பத்திரண்டு வயதான என் கணவர் அந்தச் செய்தியை மிகுந்த மனவருத்தத்தோடு படித்துக் காட்டினார். அவர் அதற்கு முன்னும் உடற்பயிற்சிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவர் அல்ல.

வீட்டு வேலைக்கு வருபவரைச் சங்கம் உள்ளே விட்டதும் அந்தச் சமயத்தில்தான். வாசலில் கை கழுவ வைத்து, நெற்றியில் கருவியைக் காட்டிச் சூடு பார்த்து அனுப்பினார்கள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பி, ரவிக்கைக் கை தோளில் இறுகிப் பிடிக்க நின்றார். ஏழு வீட்டு வேலையும், வீட்டுக்கு வீடு படியேற்றமும் ஒரே நாளில் நின்றுபோய், ஒற்றை அறை வீட்டில் ரேஷன் அரிசிச் சோற்றோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர். எல்லா வீடும் சம்பளம் கொடுக்கவில்லை.

"ஒக்காந்தே பழக்கமில்ல டீச்சரம்மா. கை காலெல்லாம் கொடையுது. நீங்க எளச்சிருக்கீங்க" என்றார்.

"மத்த வீட்டுக்கெல்லாம் போறீங்களா?"

"நாலு வீடு கூப்பிட்டாங்க. மூணு வீட்ல வேணாம்னுட்டாங்க. ஒருத்தங்க பாத்திரம் கழுவுற மிஷின் வாங்கிட்டாங்க. இன்னும் ரெண்டு பேரு, நாங்களே செஞ்சுக்கிறோம், ஒடம்புக்கு நல்லதா இருக்குதுன்றாங்க."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், அறை வாசலில் நின்று திரும்பினார். "அவங்க ஒடம்பு நல்லா இருக்கட்டும். உங்க இஸ்கூல் டீச்சருங்க யாருக்காவது ஆள் வேணும்னா சொல்லுங்கம்மா. மாடி வீடா இருந்தாலும் பரவால்ல."