கடல் நடுவே ஒரு வீட்டுப் பள்ளி

அந்தமானில் நீல் என்றொரு சிறு தீவு உண்டு. 2018 டிசம்பரில் அதற்கு ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. தலைநகரான போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அந்நகரிலிருந்து அரசுக் கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பயணம் செய்தால் தீவின் துறையை அடையலாம். 2011 கணக்கெடுப்பின்படி அங்குள்ள ஜனங்கள் சுமார் 3,000 பேர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து 1960-களில் குடியேற்றப்பட்ட வங்காளிகளே அவர்களில் பெரும்பாலோர். அவர்கள் விளைவிக்கும் காய்கறிகள் தலைநகருக்குக் கப்பலேறுகின்றன. பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர், சீதாபூர் என்பன அவர்களுடைய ஊர்கள்.

இந்த வங்காளத் தீவில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விசுவாசக் குடும்பத்தைச் சந்திக்கும் சிலாக்கியம் கிடைத்தது. தகப்பனார் தச்சு வேலை செய்கிறார். விடுதிகள் பெருகியபோது வேலை தேடித் தீவுக்கு வந்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு மகளும் எட்டு வயதில் ஒரு மகனும் உண்டு. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். தெருவில் வங்காளம் பேசுகிறார்கள். தமிழுக்கு அங்கே இடமில்லை.

ஒருநாள் ஊரிலிருந்து ஆச்சி தொலைபேசியில் அழைத்து, "எனக்காக ஒரு ஜெபம் பண்ணு தாயீ" என்று பேத்தியிடம் கேட்டார்களாம். பிள்ளை இந்தியில் ஜெபித்தாள். ஆச்சி முடிவில் ஆமென் சொன்னார்கள். ஆனால் ஒரு வார்த்தையும் அவர்களுக்கு விளங்கவில்லை. அன்றிரவு தாயும் தகப்பனும் வெகுநேரம் பேசினார்கள். தேவன் எல்லா மொழியிலும் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் தன் குடும்பத்தில் வளர்ந்த விசுவாசத்தை ஆச்சி தன் வாயால் பேத்திக்குச் சொல்ல முடியாமற்போகிறதே என்ற பாரம் அவர்களை அழுத்திற்று.

மறுவாரமே வீட்டில் தமிழ்ப் பள்ளி தொடங்கியது. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரக் கணக்கு என்பதால், கிழக்கே வெகுதூரத்திலுள்ள அந்தமானில் ஐந்து மணியளவிலேயே விடிந்துவிடுகிறது. குடும்ப ஜெபம் முடிந்ததும் அரைமணி நேரம் பாடம். முதலில் உயிரெழுத்து 12, பின்பு மெய்யெழுத்து 18, அதன்பின் உயிர்மெய். அப்பா இழைத்துக் கொடுத்த பலகையில் அம்மா எழுதுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் வேதாகமமே பாடப்புத்தகமாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவேறியதிலிருந்து எத்தனையோ தமிழ் வீடுகளில் பிள்ளைகள் இவ்விதமாக வாசிக்கப் பழகியிருக்கிறார்கள் அல்லவா?

விடுமுறை நாளில் பாடம் கடற்கரைக்குப் போகிறது. லட்சுமண்பூர் அருகே பாறையில் இயற்கையாய் அமைந்த பாலம் ஒன்று உண்டு. கடல் வற்றும் வேளையில்தான் அதனருகே நடந்துபோகக் கூடும். தேங்கிய நீரில் நண்டும் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் தென்படும். ஒவ்வொன்றின் தமிழ்ப் பெயரையும் பிள்ளைகள் சொல்ல வேண்டும். பவளத்தையும் கடல் அட்டையையும் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் அங்கேயே கற்கிறார்கள். ஓதம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். "இன்று ஏழு மணிக்கு வற்றினால் நாளை மறுநாள் எப்போது?" என்று அப்பா கேட்கிறார். மகன் விரல்விட்டு எண்ணி, "எட்டு நாற்பது" என்கிறான், தமிழில்.

மாதத்தில் ஒருமுறை சனிக்கிழமையே கப்பலேறி, தலைநகரிலுள்ள தமிழ்ச் சபையில் திருவிருந்து ஆராதனைக்குச் செல்கிறார்கள். காற்றும் மழையும் மிகுந்து கப்பல் நிறுத்தப்பட்டால் வீட்டிலேயே ஆராதனை. அப்போது வேதபாடம் வாசிப்பது மகளின் பொறுப்பு. மகன் இன்னும் ரகரமும் றகரமும் குழம்புகிறான். சில காலைகளில் அழுதுகொண்டே உட்காருகிறான். தாயாரும் சில நாள் சோர்ந்துபோகிறார்கள். ஆயினும் பாடம் நிற்பதில்லை. சென்ற ஆண்டு ஆச்சி வியாதிப்பட்டிருந்தபோது, பேத்தி 23-ஆம் சங்கீதத்தைத் தொலைபேசியில் முழுவதுமாய் வாசித்தாள். ஆச்சி மறுமுனையில் கூடவே சொன்னார்களாம்.

பிரியமானவர்களே, மும்பையிலும் டெல்லியிலும் சூரத்திலும் வாழும் நமக்குக் கடல் தடையில்லை. தமிழ்ச் சபையும் அருகிலுண்டு. ஆனாலும் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் தமிழ்ப் பிரசங்கத்தின் நடுவே விளங்காமல் அமர்ந்திருக்கிறார்கள்! பெந்தெகொஸ்தே நாளில் கூடிவந்த ஜனங்கள் தத்தம் ஜென்மபாஷையிலே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரம் காட்டுகிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் முந்தி இருந்தது. உபாகமம் 6-ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது, வீட்டையும் வழிநடையையும் சேர்த்தே சொல்லுகிறது. அந்தத் தச்சர் குடும்பம் இரண்டிலும் கீழ்ப்படிகிறது. நாமும் இன்றிரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளையின் கையில் தமிழ் வேதாகமத்தைக் கொடுத்து, ஒரு வசனமாவது எழுத்துக்கூட்டி வாசிக்கச் செய்வோமா? கர்த்தர்தாமே கிருபை செய்வாராக.