கால் ஊன்றும் உயரம்

மகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறோம் என்று வெளியே சொன்ன நாள்முதல் எங்கள் இல்லத்தில் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. பெண்பிள்ளைக்குக் கியர் வண்டி எதற்கு என்றனர் சிலர். வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், பெரியதாக வாங்குங்கள் என்றனர் வேறு சிலர். பேருந்திலேயே போய் வரட்டும் என்றார் அவளுடைய தாய்மாமன். எல்லாரும் அவள்மீது அன்பு கொண்டவர்களே. ஆனால், வண்டியில் ஏறி அமரப் போகும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டவர் அவர்களுள் ஒருவருமில்லை.

அவள் கிராம சுகாதாரச் செவிலியர். திண்டுக்கல்லை அடுத்த சில சிற்றூர்கள் அவள் பொறுப்பில் உள்ளன. காலையில் ஒரு பேருந்தும் மாலையில் ஒரு பேருந்தும் வந்து போகும் ஊர்கள் அவை. கருவுற்ற தாய் ஒருத்திக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று செய்தி வந்தால், அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க இயலாது. ஆகவே வண்டி எங்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றவில்லை, அச்சமாகத்தான் தோன்றியது. வளர்த்த பிள்ளையை நெடுஞ்சாலையில் தனியே அனுப்பும் அச்சம் எத்தகையது என்பதைப் பெற்றோர் அறிவர். அச்சத்தை நீக்க எங்களால் ஆகவில்லை. அதையே அளவுகோலாகக் கொண்டு வண்டியைத் தேடுவதென்று முடிவு செய்தோம்.

முதலில் ஸ்கூட்டரை எண்ணிப் பார்த்தோம். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, பொருள் வைக்க இடமுண்டு. நகரத்துக்கு நல்ல வண்டி. ஆனால் அதன் சக்கரம் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலமே. 100 சி.சி. மோட்டார் சைக்கிள்களில் 17 அல்லது 18 அங்குலச் சக்கரம் காணப்படுகிறது. சிறிய சக்கரம் பள்ளத்திற்குள் இறங்கித் தூக்கிப் போடும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தை எளிதில் கடந்துவிடும். ஜல்லி பெயர்ந்த ஊராட்சிச் சாலைகளே எங்கள் மகளின் வழித்தடம் என்பதால், கியர் வண்டிதான் என்று தீர்மானித்தோம்.

விற்பனை நிலையம் ஒன்றுக்கு மூவருமாகச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் தந்தையை மட்டுமே நோக்கிப் பேசினார். "சார், பாப்பாவுக்கு ஸ்கூட்டர் போதும். வீட்டுல எல்லாரும் ஓட்டணும்னா 350 பாருங்க, தவணையில தர்றோம்" என்றார். மகள் சிரித்துக்கொண்டே, "அண்ணே, ஓட்டப்போறது நான்தான். நான் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதே சரியான கேள்வி என்பதை அவள் அமர்ந்தபோது கண்டோம். அந்தப் பெரிய வண்டியில் அவளுடைய விரல் நுனிகள் மட்டுமே தரையைத் தொட்டன.

புதிதாக ஓட்டுபவர் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அன்று. வண்டியை நிறுத்தும்போதும் திருப்பும்போதும் தள்ளும்போதும்தான் என்று எங்கள் தெரு மெக்கானிக் சொல்வார். இரு பாதங்களும் தரையில் படிந்தால், சாயும் வண்டியைத் தாங்கிக்கொள்ளலாம். 350 சி.சி. புல்லட்டின் எடை 180 கிலோவைத் தாண்டும், 100 சி.சி. வண்டியோ ஏறத்தாழ 110 கிலோ. அவர் சொற்படி ஒவ்வொரு வண்டியையும் அவளே ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பின்னோக்கித் தள்ளி, மீண்டும் ஸ்டாண்ட் போட்டுப் பார்த்தாள். எங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கடினமாக இருந்தது.

எங்களுள் ஒருவர் இளமையில் திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட் ஓட்டியவர். அந்நாளைய புல்லட்டில் கியர் வலக் காலிலும் பிரேக் இடக் காலிலும் இருந்தன. இன்றைய வண்டிகளில் அது அப்படியே மாறியிருக்கிறது. பழகிய கால் பழைய பக்கத்தையே தேடும். ஆதலால் கற்பிக்கும் பொறுப்பை, நாள்தோறும் இன்றைய வண்டியை ஓட்டும் அவளுடைய சித்தப்பா மகனிடம் ஒப்படைத்தோம்.

புதிய வண்டிக்குப் பதில், பழைய ஸ்பிளெண்டர் ஒன்றைத் தேர்ந்தோம். கற்கும் காலத்தில் கீறல் விழுவது இயல்பு; புது வண்டியில் கீறல் விழுந்தால் மனமும் கீறுபடும். உதிரிப் பாகங்கள் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியிலுள்ள எண்ணும் ஒன்றா, வங்கிக் கடன் தீர்ந்ததா என்று பார்த்தோம். பெயர் மாற்றியபின், காப்பீட்டை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பித்தோம். 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாகவே தேடினோம். அம்மாதம் முதல், 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளில் முன், பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கோ ஏ.பி.எஸ். அமைப்போ கட்டாயமாயிற்று. பிரேக் பிடிக்கையில் எடை முன்சக்கரத்திற்குச் செல்வதால், வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உண்டு. புதியவர்களோ அதற்கு அஞ்சிப் பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கின்றனர். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை அவள் தாளில் எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தாள்.

வண்டி வருமுன்பே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசங்கள் இரண்டு வாங்கினோம். பின்னால் அமர்பவருக்கும் தலை ஒன்றுதானே! துப்பட்டாவை உடையோடு சேர்த்து ஊசி குத்திக்கொள்வது வழக்கமாயிற்று. எல்.எல்.ஆர். பெற்று, 30 நாட்கள் கழிந்தபின், அவள் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்றாள். முதல் இரண்டு மாதம் மழையிலும் இருளிலும் ஓட்டுவதில்லை, பின்னால் எவரையும் ஏற்றுவதில்லை என்று ஒரு வரையறையை அவளே வகுத்துக்கொண்டாள்.

உரிமம் வந்த மூன்றாம் வாரம், மழை கொட்டிய ஓர் இரவில் அவளுக்குத் தொலைபேசி வந்தது. மலையடிவாரச் சிற்றூரில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டிருந்தது. வண்டிச் சாவி சுவரில் தொங்கியது. போ என்று சொல்லவும் எங்களுக்கு நா எழவில்லை. போகாதே என்று சொல்லவும் எழவில்லை. அவள் சாவியை எடுக்கவில்லை. 108-ஐ அழைத்து வழி சொன்னாள். ஊர்தி சேரும்வரை அக்குடும்பத்தாரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தாள். தாயும் சேயும் நலம் என்ற செய்தி விடியுமுன் வந்தது. மழை ஓய்ந்தபின், காலை ஏழு மணிக்கு அவள் அந்த வண்டியிலேயே சென்று குழந்தையைப் பார்த்து வந்தாள்.

இரு மாதம் கடந்துவிட்டது. இப்போது இருட்டியபின்னும் வருகிறாள். எங்கள் அச்சம் குறைந்துவிட்டதென்று சொல்லமாட்டோம். ஆயினும், எப்போது வண்டியை எடுக்கலாகாது என்று அறிந்த ஒருத்தியின் கையில் சாவி இருக்கிறது என்பதால் உறங்க முடிகிறது. பிள்ளைக்கு வண்டி தேடும் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். நம் ஆசையின் உயரத்திற்கும் வேண்டாம். நம் அச்சத்தின் உயரத்திற்கும் வேண்டாம். பிள்ளையின் கால் தரையில் ஊன்றும் உயரத்திற்கு வாங்குவோம்.