விளக்குத் திரி அளவு

எட்டு மணிக்குள் நாமக்கல் போய்விட வேண்டும் என்று ராசிபுரத்திலிருந்து கிளம்பினோம். மடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை, அதற்குள் பழைய துண்டு, துண்டுக்குள் ஆறு மாதப் பொன்னி. ஆண்டகளூர்கேட் தாண்டிப் புதுச்சத்திரம் வரும்வரை அழுகை ஓயவில்லை. முந்தின ராத்திரிக்கு மேல் சோறு வைக்கவில்லை. மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மோகனூர் சாலையில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் வந்தது. 1903இல் சென்னையில் தொடங்கிய கல்லூரிக்கு அடுத்ததாகத் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது இதுதான். முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன ஊர் என்பதால் பண்ணைக்காரர்களுக்கு இந்த இடம் அத்துப்படி. அன்று காலை மரத்தடியில் ஆடும் மாடும்தான் அதிகம். பூனைக் கூடையோடு வந்தவர்கள் எங்களோடு சேர்த்து மூன்றே பேர்.

பக்கத்தில் வெள்ளாட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, பூனைக்கு என்ன நோவு?"

"நோவு ஒண்ணுமில்லீங்கம்மா. குட்டி போடாம இருக்க ஆப்பரேசன்."

"அட சாமி, பூனைக்குமா? ஒரு ஈத்தாச்சும் போடட்டுமே, பாவம்."

"கிடாய்க்குக் காயடிக்கிறோமில்லீங்க?"

"அது கறிக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் பொட்டைக்கு வயித்தைக் கிழிக்கோணுமே" என்றார். அவர் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு ஈத்து போடட்டும் என்பதில்தான் நமக்குத் தெரியாமலே கெடுதல் இருக்கிறது. பூனைக்கு வரும் மார்புக்கட்டி பெரும்பாலும் புற்றுநோயாகவே இருக்கும். முதல் பருவத்துக்கு முன்பே சினைப்பையோடு கருப்பையை எடுத்துவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினை பிடித்துவிடும். பெரும்பாலும் கடுவன் சேர்ந்தால்தான் கருமுட்டையே வெளியாகும். சேராவிட்டால் பருவம் தணிந்து, இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். ராத்திரி முழுக்க அது ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்துவது அதனால்தான். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் இது நின்றுபோகும். நம் வெயிலில் அந்த ஓய்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

முன்பெல்லாம் எங்கள் வீட்டில் இப்படிப் பெருகும் குட்டிகளுக்கு ஒரே வழிதான் இருந்தது, சாக்குப்பை. குட்டிகள் கண் திறந்ததும் அப்பாரு அவற்றைச் சாக்கில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவார். கல்நெஞ்சக்காரர் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் தான் ஒரு வாய் குடிக்கமாட்டார். வேறு வழி இருப்பது அவருக்குத் தெரியாது. பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். எங்கள் பூனை ஏழு வீட்டிலும் தேடியது. மூன்று ராத்திரி அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டுமேல் நடந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு வந்த கருப்பிக்குக் குட்டி வேண்டாம் என்று, ஒரு மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டு ஹார்மோன் ஊசி போட்டோம். அது கருப்பையில் சீழ் பிடிக்கவும் மார்புக்கட்டி வரவும் வழிவைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வயிறு உப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். எடுத்த கருப்பை என் கட்டைவிரலை விடப் பருமனாக இருந்தது. கருப்பி பிழைக்கவில்லை.

அதனால்தான் பொன்னியின் வயிற்றைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்க அனுமதி கேட்டேன். தள்ளி நின்று பார்க்கச் சொன்னார்கள். எடை இரண்டு கிலோ சொச்சம். பின்தொடையில் ஊசி போட்ட சில நிமிடத்தில் தலை சாய்ந்தது, கண் மட்டும் மூடவில்லை. பயந்துபோனேன். இந்த மயக்க மருந்தில் அப்படித்தான் என்று சொல்லி, விழி காயாமலிருக்கக் களிம்பு வைத்தார் ஒரு மாணவி. அடிவயிற்று முடியை மழித்து, திரும்பத் திரும்பத் துடைத்து, பச்சைத் துணி போர்த்தினார்கள். துணியின் ஓட்டை வழியே தெரிந்தது தீப்பெட்டி அளவுத் தோல்தான். கீறல் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். வளைந்த கொக்கி ஒன்று உள்ளே போய்த் துழாவி, இளஞ்சிவப்பாக ஒன்றை மெல்ல வெளியே இழுத்தது. கருப்பையின் ஒரு கிளை. விளக்குத் திரி அளவுதான். அதன் நுனியில் துவரம்பருப்பு போலச் சினைப்பை.

"மெதுவா இழுப்பா, நரம்பு அறுந்தா ரத்தத்தைப் புடிக்கிறது கஷ்டம்" என்றார் பெரிய டாக்டர். இரண்டு இடத்தில் முடிச்சு, நடுவில் வெட்டு. அடுத்த கிளைக்கும் அப்படியே. சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கினாலும் பருவம் திரும்ப வந்துவிடும் என்பதால் எடுத்ததை விரித்துவைத்துச் சரிபார்த்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கடுவனுக்கு இதில் பாதி வேலைகூட இல்லை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகும் சில வாரம் பெட்டையோடு விடக்கூடாது, மிச்சமிருக்கும் விந்தில் சினை பிடிக்கலாம்.

தெருநாய்க்கு 2001இலேயே கருத்தடை விதிகள் வந்துவிட்டன. மாநகராட்சி வண்டியும் வருகிறது. வீட்டுப் பூனைக்கு அப்படி எந்த வண்டியும் வராது. வளர்க்கிறவர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கிளம்பும்போது டாக்டர் அழுத்திச் சொன்னது ஒன்று: வலிக்கிறதே என்று நாம் போட்டுக்கொள்கிற பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, பாதி மாத்திரையே உயிரை எடுத்துவிடும். அப்புறம், கூம்புக் கழுத்துப்பட்டையைக் கழற்றக் கூடாது, பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வர வேண்டும்.

மரத்தடியில் அந்த அம்மா இன்னும் ஆட்டோடு காத்திருந்தார். கூடை மூடியைத் தானே விலக்கிப் பார்த்தார். மழித்த வயிற்றில் இருந்த தையலைப் பார்த்ததும், "இத்தனூண்டுதானா?" என்று கேட்டுவிட்டு, பொன்னியின் காதை ஒரு விரலால் நீவிவிட்டார்.

வீட்டில் காற்றாடியை நிறுத்தினோம். மயக்கத்தில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிவாக்கில் பொன்னி எழுந்து நின்றது. பின்னங்கால் மடங்கி விழுந்தது. திரும்ப எழுந்து, சுவரை ஒட்டியே நடந்து வந்து, கழுத்துப்பட்டை கிண்ணத்தில் இடிக்க, இரண்டு வாய் மீன்சோறு தின்றது.