பத்து கிரெயின் கம்பளி

கோவை, பல்லடம் பக்கத்து ஏர்ஜெட் தறிக்கூடங்களில் ஊடை நூலைக் கொண்டுபோவது காற்று. நாசிலிலிருந்து பாயும் அழுத்தக் காற்று, கண் இமைப்பதற்குள் நூலைப் பாவின் குறுக்கே அக்கரை சேர்த்துவிடும். அந்தக் காற்றோடு தண்ணீரும் வந்தால் துணியில் துருக்கறை விழும், வால்வுகள் திணறும், சிலிண்டருக்குள் இருக்கிற கிரீஸ் கழுவிக்கொண்டு போகும். அதனால்தான் கம்ப்ரசருக்கும் தறிக்கும் நடுவே ஏர் டிரையர் நிற்கிறது.

இந்தப் பெட்டிக்குள் நடப்பது பனி படிவது. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்கு.

கணக்குப் போட்டால் அதன் உழைப்பு தெரியும். 350 சி.எஃப்.எம். கம்ப்ரசர் மணிக்குச் சுமார் 600 கன மீட்டர் வெளிக்காற்றை இழுக்கிறது. 7 பார் அழுத்தத்தில் எட்டு கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டராகச் சுருங்குகிறது. வெளியே 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால், அந்த எட்டு கன மீட்டரில் ஏறக்குறைய 170 கிராம் நீராவி இருக்கும். சுருங்கிய காற்று 35 டிகிரிக்கு ஆறும்போது அதில் தங்கக்கூடியது 40 கிராம்தான். மற்றது ஆஃப்டர்கூலரிலும் ரிசீவர் டேங்கிலும் வடிந்துவிடும். அந்த 40 கிராமோடு டிரையருக்கு வரும் காற்றை 3 டிகிரிக்குக் குளிர்வித்தால் 6 கிராமுக்குத்தான் இடம். மீதி 34 கிராம் துளியாகிறது. மணிக்கு இரண்டரை லிட்டர், ஒரு நாளைக்கு 60 லிட்டர் தண்ணீர்!

துளி எங்கே, எப்போது, எதனால் உண்டாகிறது என்ற கேள்வியை ஒரு மனிதர் ராத்திரி ராத்திரியாகத் தோட்டத்தில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். வில்லியம் சார்லஸ் வெல்ஸ், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மருத்துவர். 1757இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். பனியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1814இல் வெளிவந்தது. ஏர் டிரையரைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்கிற ஒருவர் கையில் முதலில் கொடுக்கத் தகுந்த நூல் அது.

பனி மேலிருந்து மழைபோல் இறங்குகிறது என்று அன்றைக்கு ஒரு சாரார் சொன்னார்கள். மண்ணிலிருந்து எழும்புகிறது என்றார்கள் மறு சாரார். பனி படிவதால்தான் புல் சில்லிட்டுப் போகிறது என்ற எண்ணமும் இருந்தது. வெல்ஸே தொடக்கத்தில் அப்படித்தான் கருதினார். வாதாடிக்கொண்டிருக்காமல் அவர் கம்பளியையும் தராசையும் எடுத்துக்கொண்டு சர்ரேயில் இருந்த ஒரு நண்பரின் தோட்டத்துக்குப் போனார்.

கம்பளியைச் சிறு சிறு கொத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 10 கிரெயின் எடைக்கு நிறுத்துவைத்தார். நம் கணக்கில் முக்கால் கிராம்கூட வராது. நான்கு மெல்லிய கால்களின்மேல் ஒரு பலகை, தரையிலிருந்து நான்கடி உயரத்தில். பலகையின் மேலே ஒரு கொத்து, அடியில் ஒரு கொத்து. இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலக் கனமுள்ள மரம் மட்டுமே. காற்று இரண்டுக்கும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். ஓர் இரவில் மேல் கொத்து 14 கிரெயின் ஏறியிருந்தது. கீழ்க் கொத்து 4 கிரெயின். பிறகு ஒரு சுட்ட மண் உருளையைப் புல்மேல் நிறுத்தி, அதற்குள் ஒரு கொத்து வைத்தார். உருளையின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்தே இருந்தது. மழைபோல் நேராக விழுவதாக இருந்தால் தடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளே இருந்த கொத்துக்குக் கிடைத்தது 2 கிரெயின்தான்; வெளியே வெட்டவெளியில் இருந்த கொத்துக்கு 16.

வெப்பமானியையும் புல்லில் வைத்துப் பார்த்தார். தெளிந்த, காற்றசையாத இரவுகளில், பனி படிவதற்கு முன்பே புல் தனக்கு மேலிருக்கும் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருந்தது. புல் தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு இழக்கிறது, அதனால் குளிர்கிறது, குளிர்ந்த பிறகே பனி. வானத்தை மறைத்த இடத்தில் குளிர் குறைந்தது, பனியும் குறைந்தது. காரணம் எது, விளைவு எது என்ற வரிசை அந்தக் கம்பளிக் கொத்துகளால் தலைகீழானது. இந்தியாவில் உறைபனி விழாத இரவிலும் பனிக்கட்டி எடுத்த பழைய வித்தையை அவர் இதே வழியில் விளக்கினார். அலகாபாத்தில் குழிகளில் கரும்புத் தட்டையைப் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண் சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைத்ததை ராபர்ட் பார்க்கர் 1775இல் எழுதியிருந்தார்.

அலகாபாத்தில் ஆசையோடு எதிர்பார்த்த ஐஸ், டிரையருக்குப் பகை. காற்றை 3 டிகிரியில் நிறுத்துவதே அதனால்தான். இன்னும் இறங்கினால், காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டருக்குள் துளி உறைந்து காற்றின் பாதையை அடைக்கும். ஓடஓட லைன் பிரஷர் இறங்குகிறது, ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் சரியாகிறது, மறுபடி இறங்குகிறது என்றால் உள்ளே ஐஸ் பிடிக்கிறது என்று கொள்ளலாம். குளிரை அளவோடு நிறுத்தும் ஹாட் கேஸ் பைபாஸ் வால்வைப் பார்க்க வேண்டும்.

அதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. பேனலில் 3 டிகிரி என்று பளிச்சென்று எரிகிறது. தறியில் தண்ணீர் சொட்டுகிறது. சாதாரண டிரையர்கள் பலவற்றில் அந்த எண் காட்டுவது எவாப்பரேட்டர் பக்கத்தின் வெப்பநிலையை; வெளியே போகும் காற்றின் உண்மையான பனிநிலையை, அதாவது எந்த வெப்பநிலையில் அதில் துளி உண்டாகும் என்பதை, அல்ல. குளிர் வந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. விழுந்த துளி வெளியேறியதா என்பது தனிக் கேள்வி. ஆட்டோ டிரெயினின் வடிகட்டியில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தால், துளிகள் செப்பரேட்டரில் தேங்கி, காற்றோடு சேர்ந்து மறுபடி லைனுக்குள் போய்விடும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் தண்ணீரும் பின்னால் காற்றும் சீறிக்கொண்டு வர வேண்டும். வடிகட்டியை வாராவாரம் கழற்றிக் கழுவுவது பழக்கமாக வேண்டும்.

ஆனால் தறிக்கூடத்தில் முதலில் எழும் குரல், ‘கேஸ் போயிடுச்சு’. ரெஃப்ரிஜரன்ட் மூடிய சுற்றுக்குள் ஓடுவது, பயன்படுத்துவதால் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஏற்றும் கேஸ், காசைக் காற்றில் விடுவது. அதற்கு முன் கண்டென்சரைப் பார்க்கலாம். நெசவாலையில் பஞ்சுத் தூசி அதன் தகடுகளில் கம்பளம்போல் படிந்துவிடும். ஃபேன் சுற்றினாலும் வெப்பம் வெளியேறாது. உள்ளிருந்து வெளிப்பக்கமாக, தகடு மடங்காத அளவு மென்மையாக ஊதினால் பாதிப் புகார்கள் தீரும்.

அடுத்து, உள்ளே வரும் காற்றின் சூடு. பல காட்டலாக்குகள் டிரையரின் திறனை 35 டிகிரி உள்வரும் காற்றுக்கும் 25 டிகிரி அறைக்கும் சொல்கின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட கம்ப்ரசர் அறையில் அந்த 25 எங்கே கிடைக்கும்? ஆஃப்டர்கூலர் அழுக்காகிக் காற்று 45 டிகிரியில் வந்தால், கன மீட்டருக்கு 40 கிராமுக்குப் பதில் 65 கிராம் நீராவி உள்ளே நுழைகிறது. டிரையரில் குறையே இல்லாமல் அதன் சுமை முக்கால் பங்கு கூடிவிடும்.

பேனலை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் இந்த முறைக்குத் தத்துவ உலகில் பெரிய மரியாதை உண்டு. ஜான் ஹெர்ஷல் 1830இல், ஜான் ஸ்டுவர்ட் மில் 1843இல், காரணத்தைத் தேடுவது எப்படி என்று விளக்க வெல்ஸின் பனி ஆராய்ச்சியையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்க, ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்ப்பது வெல்ஸின் வழி. ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் அளித்தது. 1817இல் அவர் இறந்தார்.

அவருடைய தராசை இன்றைக்கும் கம்ப்ரசர் அறைக்குள் கொண்டுவரலாம். டிரையரின் டிரெயின் குழாயை ஒரு கேனுக்குள் விட்டு, ஒரு மணி நேரத்தில் சேரும் தண்ணீரை அளந்து, உள்வரும் காற்றின் வெப்பநிலையோடு நோட்டில் எழுதிவைத்தால் போதும். இரண்டரை லிட்டர் வர வேண்டிய இடத்தில் பேனல் 3 டிகிரி காட்டியும் அரை லிட்டர்தான் வந்திருக்கிறது என்றால், மீதி இரண்டு லிட்டர் தறிப் பக்கம் போயிருக்கிறது. கேஸ்காரரை அழைப்பதற்கு முன் டிரெயினைக் கழற்றலாம்.