வைக்கோல்போர் பக்கத்துல சார்ஜ் போடாதீங்க

எங்க ஊர்ல இப்போ நெல்லுக்கு மருந்தடிக்க ட்ரோன் வருது. கொஞ்ச நேரம் பறந்ததுமே பேட்டரி மாத்தியாகணும். கழட்டினதை சார்ஜ் போட, வர்ற பசங்க தேடுறது மாட்டுக்கொட்டகை பிளக்கைத்தான். ஒட்டினாப்புல வைக்கோல்போர். நான் விடுறதில்லை, களத்து சிமெண்ட் தரைக்குப் போகச் சொல்லிடுவேன்.

"ஒயர் எட்டாதுங்க பெரியப்பா" என்றான் ஒருத்தன்.

"போர் எரிஞ்சா அடுத்த அறுப்பு வரைக்கும் மாடு எதைத் தம்பி தின்னும்?" என்றேன். வண்டியிலிருந்து நீள ஒயர் எடுத்து வந்தான்.

இது லித்தியம் பாலிமர் பேட்டரி. சாதாரணமா ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல ஏறக் கூடாது. மீறினா உப்பும், புகையும், தீயும் பிடிக்கும். அதனால பெரிய ஒயரோட சின்ன பேலன்ஸ் ஒயரையும் சொருகணும். அப்பத்தான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனியா கவனிக்கும். சார்ஜர்ல 'லிப்போ' வச்சிருக்கா, செல் எண்ணிக்கை சரியான்னு பார்க்கணும். சூட்டோட போடக் கூடாது, ஆறட்டும். உப்பினதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. போட்டுட்டுத் தூங்கப் போறதும் ஆகாது.

உங்க பிள்ளைங்க ஓட்டுற ரிமோட் கார், குட்டி விமானம் பலதுலயும் இதே ஜாதி பேட்டரிதான். 5000 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரின்னா 5 ஆம்பியருக்கு மேல வேண்டாம். உங்க வீட்ல வைக்கோல்போர் இல்லைதான். ஆனா மெத்தை, திரைச்சீலை இருக்கே. பையன் கட்டிலுக்கு அடியில சார்ஜ் போட்டிருக்கானான்னு இன்னிக்கே ஒரு எட்டு பாத்துடுங்க.