இரு வினைக்கு ஒரு பெயர்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் சங்க நூல்களைப் பற்றியோ சமய இலக்கியத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருளோ ஆங்கில வினைச்சொற்களைப் பற்றியது. தமிழாசிரியனுக்கு ஆங்கிலத்தில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. எம் மாணவர் ஆங்கிலத்திலே இடறும் இடங்களுள் ஒன்று, தமிழிலக்கணத்தைத் துணைக்கொண்டு நோக்கினால் மிகத் தெளிவாக விளங்குகின்றது. அதனாலேயே எழுதத் துணிந்தேன்.

ஒரு காலத்திலே இத்தகைய கல்லூரிகளில் கணிதமும் விஞ்ஞானமும் சரித்திரமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. அக்காலத்து மாணவர் நாள் முழுவதும் அம்மொழியைக் காதாற் கேட்டனர். ஆதலின் எது வழக்கு, எது வழு என்பதை அவர்தம் செவியே உணர்த்திற்று. இன்றைய மாணவனுக்கோ ஆங்கிலம் ஒரு பாடம் மாத்திரமே. மணி அடித்தவுடன் அம்மொழி வகுப்பறையிலேயே நின்றுவிடுகின்றது. செவி உதவாதவிடத்து அவனுக்குத் துணையாவது காரணம் ஒன்றே.

சென்ற ஆண்டு வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் கல்லூரியைப் பார்வையிட வந்திருந்தார். அவரை வரவேற்று அழைத்துச் செல்ல உயர்வகுப்பு மாணவன் ஒருவனை அதிபர் அனுப்பியிருந்தார். அம்மாணவன் தமிழிலே நன்கு பேசவல்லவன். வந்தவரிடம் அவன் ஆங்கிலத்தில், ‘பிரின்சிபல் செட் மீ ரு கம்’ என்றான். அவர் நகைத்து, “எங்கள் காலத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் இப்படிச் சொல்லமாட்டான்” என்றார். அவர் தீய நோக்குடன் சொன்னாரல்லர். ஆயினும் அன்று மாலைவரை அம்மாணவன் வாயிலிருந்து மற்றோர் ஆங்கிலச் சொல் வரவில்லை.

மறுநாள் அவன் என்னிடம் வந்தான். “ஐயா, ‘சே’ என்றாலும் சொல்லுதல், ‘ரெல்’ என்றாலும் சொல்லுதல். ஒன்று சரி, மற்றது பிழை என்றால் எப்படி அறிவது? இன்னுமொன்று. ‘ஐ வோன்ற் ஹிம் ரு கோ’ என்று புத்தகத்திலே இருக்கிறது. போகிறவன் அவன்; அப்படியானால் அவன் எழுவாய் அல்லவா? ‘ஹீ’ என்னாமல் ‘ஹிம்’ என்பது ஏன்?” என்று கேட்டான்.

“தம்பி, நீர் கேட்டது நல்ல இலக்கண வினா. இதற்கு விடை உமது நன்னூலிலேயே உண்டு” என்றேன். அவன் நம்பவில்லை. யான் அவனுக்குச் சொன்னவற்றையே ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

பவணந்தி முனிவர் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டனைக் கூறினார். அவற்றுள் ‘செய்து’ முதலிய நான்கும் இறுதி மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும்; ஏனை ஐந்தும் பிறவினைமுதலின் வினையையும் ஏற்கும் என்றார். ‘செய’ என்பது இவ்வைந்தனுள் ஒன்று. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்னுமிடத்து, பெய்தது மழை, நிறைந்தது குளம். ஒரு வாக்கியத்தினுள்ளே செய்வோர் இருவர் நிற்பதற்கு இடந்தருவது இந்தச் ‘செய’ என்னும் எச்சமாம்.

இனி, ‘அவனைப் பாட வைத்தேன்’ என்பதை நோக்குக. வைத்தவன் யான்; பாடியவன் அவன். பாடியவன் அவனேயாயினும் ‘அவன்’ என்னாது ‘அவனை’ என்கின்றோம். வைத்தல் என்னும் வினைக்கு அவன் செயப்படுபொருள். பாடுதல் என்னும் வினைக்கு அவனே வினைமுதல். ஒரு பெயர் இரு வினைக்கும் உழைக்கின்றது. உருபை மட்டும் முதன்மை வினையிடமிருந்து பெறுகின்றது. ஆங்கிலத்து ‘ஹிம்’ என்பதும் இவ்வாறே. ‘வோன்ற்’ என்னும் வினைக்கு அது செயப்படுபொருளாய் உருபேற்று நிற்க, ‘கோ’ என்னும் வினையை அதுவே இயற்றுகின்றது. மாணவன் புதுமை என்று மருண்டது அவன் வீட்டிலே நாள்தோறும் வழங்குவதொன்றே.

அவ்வாறாயின் அவன் இடறுவது எங்கே? தமிழில் எல்லா வினையும் இவ்வமைப்பை ஏற்பதில்லை. சொல், வை, விடு, செய் என்பன ஏற்கும்: அவனைப் போகச் சொன்னேன், அவனைப் போக விட்டேன் என்போம். ‘அவனைப் போக விரும்புகிறேன்’ என்பதோ தமிழன்று. ‘அவன் போகவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்றே கூறுவோம். ‘என்று’ என்னும் சொல் இடையே நின்று இரு வாக்கியங்களையும் பிணைக்கின்றது. அவன் எழுவாயாகவே இருக்கின்றான். ஆதலினாலேயே நம் மாணவன் ‘ஐ வோன்ற் தற் ஹீ ஷுட் கோ’ என எழுதுகின்றான். அது மடமையன்று, தன் மொழியின் விதியைப் பிறிதொரு மொழியிலும் செலுத்துகின்றான், அவ்வளவே. ‘வோன்ற்’, ‘எக்ஸ்பெக்ற்’ என்னும் வினைகள் வரும்போது ‘என்று’ என்பதை மறந்து, பெயருக்கு உருபு கொடுத்து, ‘ரு’ என்னும் சிறுசொல்லையும் வினையையும் பின்னே வைத்தல் வேண்டும் என்று அறிந்தானாயின், இவ்வகை வழுவிற் பெரும்பகுதி நீங்கும்.

இதற்கு மறுதலையான இடமும் உண்டு. ‘ரெல்’ இவ்வமைப்பை ஏற்கும்; ‘சே’ ஏற்பதில்லை. ‘எக்ஸ்பெக்ற்’ ஏற்கும், பொருளால் அதனை அடுத்து நிற்கும் ‘ஹோப்’ ஏற்பதில்லை. ‘சஜெஸ்ற்’ என்பதும் ஏற்பதில்லை. அங்கே மாணவன் எழுத விரும்பும் ‘தற்’ என்பதே பொருத்தமாகின்றது. ஆகவே அதிபர் தன்னை வரச்சொன்னார் என்பதற்கு ‘பிரின்சிபல் ரோல்ட் மீ ரு கம்’ என்றல் வேண்டும். சொல்லுதல் என்னும் ஒரு வினையையே அறிந்த நாவுக்கு இவ்வேறுபாடு தானாக வாராது. சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

‘ரு’ என்பது தோன்றாத இடங்களும் உள. ‘மேக்’, ‘லெற்’, ‘சீ’, ‘ஹியர்’ என்னும் நான்கனையும் மாணவர் முதலில் மனங்கொள்க. இவற்றுக்கு நேரான தமிழ் வினைகள் வை, விடு, காண், கேள் என்பன. பாட வைத்தேன், பாட விட்டேன், அவன் பாடக் கண்டேன், அவன் பாடக் கேட்டேன் எனத் தமிழில் வெறுஞ் ‘செய’ எச்சம் நிற்பதுபோல, ஆங்கிலத்திலும் வெறும் வினையே நிற்கும்: ‘ஐ ஹேர்ட் ஹிம் சிங்’. ஆயினும் ‘மேக்’, ‘சீ’, ‘ஹியர்’ என்பன செயப்பாட்டுவினையாகுமிடத்து, மறைந்த ‘ரு’ மீண்டும் வருதல் காண்க: ‘ஹீ வாஸ் மேட் ரு சிங்’.

இன்னுமொரு நுட்பம். ‘ஐ பேர்சுவேடட் ஹிம் ரு கம்’ என்றால் வருபவன் அவன். ‘ஐ புறொமிஸ்ட் ஹிம் ரு கம்’ என்றால் வருபவன் யான். சொற்கள் நிற்கும் முறை ஒன்றே, வருபவர் வேறு. தமிழோ இங்கே ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. முன்னதை ‘அவனை வர இணங்கச் செய்தேன்’ என்றும், பின்னதை ‘வருவதாக அவனுக்கு வாக்களித்தேன்’ என்றும் உருபாலேயே பிரித்துக் காட்டும். அமைப்பை மாத்திரம் மனனஞ் செய்தாற் போதாது, ஒவ்வொரு வினையின் இயல்பையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இது சான்றாம்.

இவ்வுண்மையை நூலாக்கித் தந்தவர் ஏ. எஸ். ஹோர்ன்பி என்னும் ஆங்கிலேயர். 1924 இல் யப்பானுக்குச் சென்று ஆங்கிலம் கற்பித்த அவர், எந்த வினை எவ்வமைப்பை ஏற்கும் என்னும் ஐயமே பிறமொழி மாணவரை வருத்துகின்றது எனக் கண்டார். தம் துணைவர் இருவரோடு அவர் தொகுத்த அகராதி 1942 இல் தோக்கியோவில் வெளிவந்தது. வினையமைப்புகளை 25 ஆக வகுத்து, ஒவ்வொரு வினைக்கும் உரிய அமைப்பின் எண்ணை அது குறித்தது. 1948 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தார் அதனை வெளியிட, உலகெங்கும் ஆங்கிலம் கற்போர் கைகளில் அது தவழலாயிற்று. இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆங்கிலேயர் தம் மொழியைத் தமக்குள்ளே பேசிக்கொண்டிருந்தவரை இத்தகைய அகராதியின் தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை. யப்பானிய மாணவர் இடறிய இடங்களே அவ்வாசிரியருக்கு வழிகாட்டின. மாணவன் பிழைவிட்டபோது நகைத்துவிட்டு அவர் அப்பாற் சென்றிருப்பின் அந்நூல் எழுந்திராது.

ஆகலின், மாணவர்க்கு யான் கூறுவது இது. புதிய ஆங்கில வினை ஒன்றைக் கற்கும்போது அதன் பொருளை மட்டும் கொப்பியில் எழுதாதீர்கள். அது தன் பின்னே பெயரை ஏற்குமா, ‘ரு’ வருமா, ‘தற்’ வருமா என்பதையும் ஒரு சிறு வாக்கியமாக எழுதுங்கள். அவ்வாக்கியத்தைத் தமிழாக்கி, இரண்டாம் வினையைச் செய்பவர் யார் என்று வினவுங்கள். வினைமுதலும் செயப்படுபொருளும் அறிந்த உங்களுக்கு ஆங்கில இலக்கணம் அயல்வீடன்று.

உடன் பணியாற்றும் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எம் இருவர் வகுப்புக்கும் இடையே உள்ள சுவர் மெல்லியது, வேற்றுமை கற்பிக்கும் வாரத்தில் இருவரும் கலந்து கற்பித்தால் மாணவருக்குப் பயன் பெரிதாம். பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு வார்த்தை: உங்கள் செவிக்கு இயல்பாய்க் கிட்டியதை இன்றைய பிள்ளை இலக்கணத்தால் தேடிப் பெறுகின்றான். அவன் இடறும்போது சரியான வாக்கியத்தை ஒருமுறை மெல்லச் சொல்லிக் கொடுங்கள், அவன் மறவான்.

மேற்குறித்த மாணவன் இவ்வாண்டு ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்துள்ளான். பரிசு பெறுவானோ அறியேன். பேச எழுந்துவிட்டான், அதுவே போதும். கல்லூரித் தாயின் திருவருளால் இருமொழியும் எம் மாணவர் நாவில் வளம் பெறுக.